மறு: பென்டாடோனிக் ‘பாக்ஸ்’க்கு பெட்டி வேண்டாம், பாத்தின்னு வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம்.

மூணு நாளா இந்த இழையில வர்ற எல்லா மடலையும் படிச்சிட்டுத்தான் இருந்தேன், சனி ஞாயிறு பிள்ளைங்களுக்கு கிட்டார் வகுப்பு இருந்ததால உக்காந்து எழுத முடியல. கிட்டார் வார்த்தைகளுக்குத் தமிழ் தேடுற இந்த இழையில ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்க இருக்கற கம்பி) என்ன, பென்டாடோனிக்குக்கு (அஞ்சு சுர வரிசை) என்ன, பாக்ஸுக்கு (அந்த வரிசையை விரலுக்கு எட்டற அளவுல வெட்டின துண்டு) என்னன்னு மூணு கேள்வி ஓடுது. முதல் ரெண்டுக்கும் வார்த்தை நம்ம வீட்டுலயே இருக்கு, எடுத்துப் புழங்க வேண்டியதுதான். மூணாவதுக்குத்தான் புதுசா ஒண்ணு வேணும், எனக்குச் சொல்ல இருக்கறதும் அதைப் பத்தித்தான்.

> ஃப்ரெட் = மெட்டு சரி, ஆனா மெட்டுன்னா டியூன்னு தானே நினைப்பாங்க?

நினைக்க மாட்டாங்க. வீணைக்காரங்க காலங்காலமா மெட்டுன்னுதான் சொல்றாங்க, வீணையில 24 மெட்டு, மெழுகுல பதிச்சிருக்கும். கிட்டார்ல அதே மெட்டு மரத்துக்குள்ள அடிச்சு இறக்கின கம்பி, அவ்வளவுதான் வித்தியாசம். “அஞ்சாம் மெட்டுல ஆள்காட்டி விரலை வை”ன்னா எந்தப் பிள்ளையும் சினிமாப் பாட்டு மெட்டைத் தேடிப் போறதில்ல. ஃப்ரெட்போர்டுக்கு மெட்டுப்பலகை, ஸ்ட்ரிங்குக்கு தந்தி. இதுக்கு மேல இதுல நேரம் செலவழிக்க வேண்டாம்னு கேட்டுக்கறேன்.

> பென்டாடோனிக் ஸ்கேல் = ஐந்தொலி வரிசை?

ஐந்தொலின்னு போட்டா அஞ்சு சத்தம்னு மட்டும்தான் தெரியும். பழைய நிகண்டுகள்ல இதுக்குப் பேரே இருக்கு. ஏழு சுரமும் உள்ளது பண், ஆறு இருந்தா பண்ணியல், அஞ்சு இருந்தா திறம், நாலு இருந்தா திறத்திறம். கர்நாடக சங்கீதத்துல சம்பூர்ணம், ஷாடவம், ஔடவம்னு சொல்றோமே, அந்தக் கணக்குதான், ஔடவத்துக்கு நேரா நிக்கிறது திறம். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும், ஆனா இன்னைக்குத் திறம்னு மொட்டையா எழுதினா திறமைன்னு தான் படிப்பாங்க, அதனால ‘ஐஞ்சுரத் திறம்’னு சேர்த்து எழுதிட்டா ரெண்டும் நிக்கும், புதுசா படிக்கிறவனுக்கு ஐஞ்சுரம் கைகொடுக்கும், தெரிஞ்சவங்களுக்குத் திறம் இருக்கும். மேஜர் பென்டாடோனிக் நம்ம மோகனம், மைனர் பென்டாடோனிக் சுத்த தன்யாசி, சுரம் அப்படியே பொருந்தும். சிலப்பதிகாரத்துல ஆய்ச்சியர் குரவையில வர்ற முல்லைத் தீம்பாணி மோகனம்தான்னு இசை ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க. இவ்வளவு நாளா நம்ம காதுல கிடக்கற ஒண்ணுக்கு ஐந்தொலின்னு புதுப்பேர் வைக்கறது எனக்கு மனசு ஒப்பல.

சரி, பாக்ஸுக்கு வர்றேன்.

கிட்டார் தெரியாதவங்களும் குழுவுல இருக்கறதால கொஞ்சம் விரிவா சொல்றேன், பொறுத்துக்கோங்க. ஏ மைனர் ஐஞ்சுரத் திறத்துல ஏ, சி, டி, ஈ, ஜி அஞ்சு சுரம். இந்த அஞ்சும் மெட்டுப்பலகை முழுக்க, ஆறு தந்தியிலயும், தலையிலேருந்து குடம் வரைக்கும் சிதறிக் கிடக்கு. மொத்தமா பாத்தா தலை சுத்தும். அதனால கை நகராம எட்டற அளவுக்கு, தந்திக்கு ரெண்டு சுரமா, ஆறு தந்திக்கு பன்னெண்டு சுரமா வெட்டி எடுத்துப் படிக்கறாங்க. அஞ்சு சுரம்ங்கறதால அப்படி அஞ்சு துண்டு வரும். இந்தத் துண்டைத்தான் இங்கிலீஷ்ல பாக்ஸ்னு, சிலர் பொசிஷன்னு, சிலர் ஷேப்னு சொல்றாங்க. எல்லாரும் முதல்ல படிக்கறது அஞ்சாம் மெட்டுல ஆரம்பிக்கற பாக்ஸ்தான். ஆறாம் தந்தியில 5, 8ஆம் மெட்டு, அஞ்சு நாலு மூணாம் தந்திகள்ல 5, 7, ரெண்டு ஒண்ணுல மறுபடி 5, 8. விரலுக்கு சுகம், ஒரே வாரத்துல வந்துடும்.

இங்கதான் பிரச்சினையே. நான் கத்துக்கிட்ட இடத்துல (பேர் வேண்டாம்) இந்த ஒண்ணைச் சொல்லிக்குடுத்துட்டு ஒரு வருஷத்துக்கு மேல அதுலயே விட்டுட்டாங்க. நானும் எந்தப் பாட்டுக்கும் அஞ்சாம் மெட்டுக்குப் போயி நிப்பேன், எட்டாம் மெட்டைத் தொட்டதும் திரும்பிடுவேன். கை வலிச்சுத் திரும்பல, அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லைங்கற மாதிரி மனசுல ஒரு சுவர். பாக்ஸ்னு சொன்னாங்க, பாக்ஸுக்கு மூடி இருக்கும், நாலு பக்கமும் அடைச்சிருக்கும், அப்படித்தானே ஒரு பிள்ளை நினைக்கும்? இப்ப என்கிட்ட படிக்கிற பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு, போன மாசம் அதே இடத்துல அதே மாதிரி திரும்பினதைப் பாத்தேன். சுண்டு விரல் எட்டாம் மெட்டுல பட்டவுடனே, சூடு பட்ட மாதிரி உள்ள இழுத்துக்கிச்சு. பெட்டின்னு நாம தமிழ்ல மொழிபெயர்த்து வச்சோம்னா அந்தச் சுவரையும் சேர்த்து மொழிபெயர்த்துக் குடுக்கறோம்னு அர்த்தம்.

> பெட்டி வேண்டாம்னா கட்டம்னு வைக்கலாமே, சின்ன வார்த்தை, எல்லாருக்கும் தெரியும்

கட்டம் நல்ல யோசனைதான், ஆனா மெட்டுப்பலகைப் படம் வரையும்போது தந்திக்கும் மெட்டுக்கும் நடுவுல வர்ற ஒவ்வொரு சதுரத்தையுமே பிள்ளைங்க கட்டம்னுதான் சொல்றாங்க. “மூணாவது கட்டத்துல வை”ன்னு அவங்களே சொல்லிக்கறாங்க. அதைப் பிடுங்கி வேற பொருளுக்குக் குடுக்க முடியாது. நிலைன்னு ஒரு ஐயா எழுதியிருந்தார், அது வெறும் இடத்தைச் சொல்லும், பக்கத்து நிலைக்கும் இதுக்கும் என்ன உறவுன்னு சொல்லாது.

அந்த உறவுதான் முக்கியம்ங்கறதுக்குக் கணக்கைப் பாருங்க. முதல் துண்டுல ஆறாம் தந்தியில 5, 8. ரெண்டாம் துண்டுல ஆறாம் தந்தியில 8, 10. அந்த 8 ரெண்டுலயும் இருக்கு. அஞ்சாம் தந்தியில முதல் துண்டு 5, 7, ரெண்டாவது 7, 10. மூணாம் தந்தியில 5, 7, அப்புறம் 7, 9. ஆறு தந்தியிலயும் இதே கதைதான், ஒண்ணோட மேல் விளிம்பு அடுத்ததோட கீழ் விளிம்பு. மூணாவது துண்டு 10, 12ன்னு போகும், நாலாவது 12, 15, அஞ்சாவது 15, 17, அந்த 17 முதல் துண்டோட அஞ்சாம் மெட்டு சுரமேதான், ஒரு ஸ்தாயி மேல. ரெண்டு பெட்டியைப் பக்கத்துல பக்கத்துல வச்சா நடுவுல ரெண்டு சுவர் இருக்கும். இங்க இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அது ரெண்டு பேருக்கும் சொந்தம்.

இதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அப்ப எங்க அப்பாயி தோட்டம் ஞாபகம் வந்துச்சு. கத்திரிக்காய்க்குப் பாத்தி கட்டியிருப்பாங்க. ரெண்டு பாத்திக்கும் நடுவுல ஒரே வரப்பு. ஒரு பாத்தி நிறைஞ்சதும் அப்பாயி மம்பட்டியால வரப்புல ஒரு கொத்து மண்ணை எடுத்து இந்தப் பக்கம் போடுவாங்க, தண்ணி அடுத்த பாத்திக்கு ஓடும். மண்ணு அதிகமா எடுக்க மாட்டாங்க, தண்ணிக்குப் போற வழி மட்டும்தான். கிட்டார்ல ஒரு துண்டுலேருந்து அடுத்ததுக்கு நாம போறதும் அப்படித்தானே? ஆறு தந்தியையும் ஒரேயடியா தூக்கிக்கிட்டுப் போறதில்ல, ஏதோ ஒரு தந்தியில விளிம்புச் சுரத்துல விரல் நிக்கும்போது அதையே கையோட புது இடமா வச்சுக்கிட்டு நகர்றோம்.

அதனால நான் வைக்கிற வார்த்தை: பாக்ஸ் = பாத்தி. விளிம்புல ரெண்டுக்கும் பொதுவா இருக்கற சுரம் = வரப்புச் சுரம். ஒரு பாத்திலேருந்து அடுத்ததுக்குப் போற இடம் = மடை. முதல் பாத்தி, ரெண்டாம் பாத்தின்னு எண்ணிக்கையாவே சொல்லலாம்.

போன சனிக்கிழமை அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லிப் பாத்தேன். நாலாம் தந்தி, ஏழாம் மெட்டு, மோதிர விரல்ல இருந்துச்சு. “அது வரப்பு, அந்தப் பக்கமும் உன் தோட்டம்தான், அதே மெட்டுல ஆள்காட்டி விரலை வச்சுக்கிட்டு அங்கேருந்து பாரு”ன்னேன். விரலை மாத்துச்சு, பத்தாம் மெட்டுக்கு சுண்டு விரல் தானா நீண்டுச்சு, அந்த சி கேட்டதும் நிமிர்ந்து என்னைப் பாத்துச்சு. எனக்கு அந்தச் சுவர் உடைய ஒன்றரை வருஷம் ஆச்சு.

> இந்த அஞ்சு துண்டுக்கும் சுத்த தன்யாசி, மோகனம், மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரின்னு ராகப் பேரே வச்சிடலாமே, கிரக பேதம் தானே இது?

இதை எழுதின தம்பிக்கு முதல்ல நன்றி, ரொம்ப அழகான யோசனை, கணக்கும் சரி. அதே சுரங்களை வச்சுக்கிட்டு ஆதாரத்தை மட்டும் மாத்தி எண்ணினா வேற ராகம் வர்றதுதான் கிரக பேதம். ஏ-லேருந்து எண்ணினா சுத்த தன்யாசி, சி-யிலேருந்து மோகனம், டி-யிலேருந்து மத்தியமாவதி, ஈ-லேருந்து ஹிந்தோளம், ஜி-யிலேருந்து சுத்த சாவேரி. பண்ணுப்பெயர்த்தல்னு நம்ம ஆளுங்க அன்னைக்கே சொன்னது இதைத்தான். ஆனா வேண்டாம் தம்பி. கிரக பேதத்துல ஆதார சுருதி நகரும், பாத்தி மாறும்போது அது நகர்றதில்ல. கீழ பேஸ் கிட்டார்ல ஏ அடிச்சுக்கிட்டே இருக்கும்போது நீங்க எட்டாம் மெட்டுல சி-யில ஆரம்பிச்சு வாசிச்சாலும் காதுக்கு அது சுத்த தன்யாசிதான், கை மட்டும்தான் இடம் மாறியிருக்கு. அதை மோகனப் பாத்தின்னு சொல்லிக்குடுத்தா பிள்ளை சி-யில வந்து நிக்கும், ஏ-வுல நிக்க வேண்டிய எடத்துல. ராகம் காதோட விஷயம், பாத்தி கையோட விஷயம், ரெண்டையும் ஒரே பேர்ல கட்டக் கூடாது.

இன்னொண்ணு, வீணை வாசிக்கிற அக்கா கேட்டிருந்தாங்க, வீணையில இதுக்கு ஏன் வார்த்தையே இல்ல, இருந்தா எடுத்துக்கலாமேன்னு. எனக்குத் தோணினது என்னன்னா, வீணையில கை பெரும்பாலும் ஒரே தந்தியோட நீளத்துலயே மேலயும் கீழயும் ஓடுது, சாரணியிலயே (முதல் தந்தி) பாட்டு முக்கால்வாசி போயிடுது. கிட்டார்ல கை ஒரே இடத்துல நின்னுக்கிட்டு தந்திக்குத் தந்தி குறுக்க தாண்டுது. குறுக்க போறதாலதான் பாத்தியே உருவாகுது. அதனால இது வீணையில விடுபட்ட வார்த்தை இல்ல அக்கா, அங்க தேவைப்படல. ஆனா மடையில வழுக்கிப் போறதுக்கு, அதாவது ஸ்லைடுக்கு, உங்க ‘ஜாரு’வை அப்படியே எடுத்துக்கறோம், அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டியதில்ல.

பாத்தின்னா “பாத்தியா?”ங்கற பேச்சோட குழம்பும்னு ஒரு மடல்ல இருந்துச்சு. வகுப்புல பத்து நாளா புழங்குது, ஒருத்தர் கூட குழம்பல. பட்டணத்துப் பிள்ளைங்களுக்குப் பாத்தி தெரியாதுங்கறதும் எனக்குச் சரியாப் படல, மொட்டை மாடியில கீரைக்குப் பாத்தி போடற வீடுகள் நிறைய இருக்கு, தெரியாதவங்களுக்கு ஒரு படம் போட்டா ஒரு நிமிஷ வேலை. பெட்டி எல்லாருக்கும் தெரியுங்கறதுக்காக தப்பான படத்தை மனசுல பதிக்கறதைவிட அது மேல்.

ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் பேரால பி.பி. பாக்ஸ்னு ஒண்ணு சொல்றாங்களே அதை என்ன பண்றதுன்னும் கேட்டிருந்தாங்க. ஏ-வுக்கு ரெண்டாம் தந்தி பத்தாம் மெட்டைச் சுத்தி நாலஞ்சு சுரம், அவர் விரும்பி நின்ன இடம். அது முழுப் பாத்தி இல்ல, பாத்திக்குள்ள ஒரு மூலை. பி.பி. கிங் மூலைன்னே சொல்லலாம், மனுஷன் பேர் அப்படியே இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு பாக்கி இருக்கு, அதுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல. கிட்டார்ல தந்திக்குத் தந்தி அஞ்சு மெட்டு இடைவெளி, மூணாம் தந்திக்கும் ரெண்டாம் தந்திக்கும் நடுவுல மட்டும் நாலு. அதனால எந்தப் பாத்தியும் அந்த இடத்துல ஒரு மெட்டு மேல நகர்ந்துக்கும், பிள்ளைங்க எல்லாரும் தடுக்கி விழற இடம் அதுதான். நான் இப்போதைக்கு “இங்க ஒரு மெட்டு ஏறிக்கோ”ன்னு வாக்கியமாவே சொல்லிக்கிட்டு இருக்கேன். வரப்புல வர்ற வளைவை ஊர்ப்பக்கம் என்னன்னு சொல்வாங்கன்னு தெரிஞ்சவங்க இருந்தா எழுதுங்க, அடுத்த சனிக்கிழமைக்குள்ள வந்தா படத்துல சேர்த்து அச்செடுத்துடுவேன்.