ஜூலை 26, கார்கில் வெற்றி தினம்: உங்க மனசை விட்டுப் போகாத சம்பவம் இருந்தா சொல்லுங்க

மலைக்காற்று:
லடாக்ல லே போற வழியில திராஸ்ல இறங்கினோம், தோலோலிங் மலை அடிவாரத்துல 1999 கார்கில் போர்ல இறந்த வீரர்களோட நினைவிடம் இருக்கு. வரிசையா பேர் வெட்டின கல்லு, நம்மூர் நடுகல் மாதிரி. நாங்க தமிழ்ல பேசுறதைக் கேட்டு ஒரு வயசான அம்மா கிட்ட வந்து, "தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது, எம்புள்ள பேரு எந்தக் கல்லுல இருக்குன்னு காட்டுப்பா"ன்னு கேட்டாங்க. கூட வந்தவங்க எங்க போனாங்கன்னு தெரியல. தேடிக் கண்டுபிடிச்சு அவங்க விரலைப் பிடிச்சு பேர் மேல வச்சேன். முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் தடவுனாங்க, திரும்ப முதல் எழுத்துக்கு வந்தாங்க. "சில்லுன்னு இருக்குப்பா"ன்னாங்க. நான் "ஆமாம்மா"ன்னேன். வேற எதாவது சொல்லியிருக்கலாம், ஒண்ணும் வரல.

தென்றல்_79:
படிச்சதும் கை நடுங்குது. எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல கார்கில் வெற்றி தின வாழ்த்துகள்னு ஒரு படத்தை ஃபார்வேர்டு பண்ணினேன், எல்லாரும் கைதட்டுற எமோஜி போட்டாங்க, மூணாவது மாடி அக்கா மட்டும் "அவர் போன நாள் ஜூன்லயே முடிஞ்சிடுச்சும்மா"ன்னு எனக்குத் தனியா அனுப்பினாங்க. அவங்க வீட்டுக்காரர் கார்கில்ல இறந்தவர்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வாழ்த்துன்னு சொல்லவே கூடாதுன்னு அப்ப முடிவு பண்ணினேன்.

பழைய_சிப்பாய்:
தென்றல், இதுல எனக்கு உடன்பாடில்லம்மா. அது ஜெயிச்ச நாள்தான், 527 பேர் உயிரைக் கொடுத்து ஜெயிச்சது, அதை ஏன் வாய்விட்டுச் சொல்லக் கூடாது? திருச்சி மேஜர் சரவணன் மே 29 கார்கில் பக்கத்து பட்டாலிக் மலை முகட்டுச் சண்டையில உயிர் விட்டார், உடலைக் கீழ கொண்டுவர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த முகட்டை நாம திரும்பப் பிடிச்சோம்னு சொன்னாத்தான் அவருக்கு மரியாதை. என்னோட சம்பவம் சின்னது, ஒரு அஞ்சலி நிகழ்ச்சியில பியூகிள்ல லாஸ்ட் போஸ்ட் (இறந்த வீரர்களுக்கு வாசிக்கிற இறுதி மரியாதை இசை) வாசிக்கும்போது பக்கத்துல நின்ன பையன் ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தான், நான் ஒண்ணும் சொல்லல, அது இன்னும் உறுத்துது. எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன், ரெண்டு நிமிஷ மௌனம்னா ஃபோனை ஆஃப் பண்ணி பைல போடுங்க, சைலன்ட் போதாது. டிசம்பர் 7 கொடி நாளுக்கு உண்டியல் வந்தா சில்லறை தேடாதீங்க, 1949லேர்ந்து நடக்குது, அந்தக் காசு படைவீரர் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும்தான் போகுது. உங்க ஊர்ல அப்படி ஒரு படைவீரர் வீடு இருந்தா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல அவங்களுக்கு வரவேண்டியது வந்துச்சான்னு கேளுங்க, விண்ணப்பம் எழுத ஆள் இல்லாத வீடு நிறைய இருக்கு.

தென்றல்_79:
ஐயா, ஜெயிச்சது எனக்கும் பெருமைதான். ஆனா அந்த அக்காகிட்ட போய் வாழ்த்துன்னு சொல்ல என்னால முடியாது. இந்த வருஷம் குரூப்ல எதுவும் போடல, மாடி ஏறிப் போய் அவர் பேர் என்னன்னு கேட்டேன். உள்ள கூப்பிட்டு ஃபோட்டோ காட்டினாங்க, மதியம் வரைக்கும் பேசினாங்க.

மலைக்காற்று:
பேர் கேட்டீங்க பாருங்க. எனக்கு அந்தக் கல்லுல இருந்த பேர் நல்லா ஞாபகம் இருக்கு, அந்த அம்மா எந்த ஊர்னு கேட்க மறந்துட்டேன்.