தூர வேட்டைக்கு எத்தனை கிரெய்ன் எடைக் குண்டு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பல வருடமாக என் 308 ரைபிளில் 150 கிரெய்ன் குண்டுதான். தோட்டாப் பெட்டியில் வினாடிக்கு 2820 அடி வேகம் என்று போட்டிருக்கும். பக்கத்துப் பெட்டியில் 178 கிரெய்ன், 2600 அடி. வேகமாகப் போவதை விட்டுவிட்டு மெதுவாகப் போவதை எவன் வாங்குவான் என்று இருந்துவிட்டேன். 200 கஜத்துக்குள் சுட்டவரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு மாலை, 400 கஜத்தில் ஒரு மான். தூரத்தை அளந்து, ஸ்கோப்பைத் திருகி, நிதானமாகத்தான் சுட்டேன். உயரம் பிசகவில்லை. ஆனால் தோளுக்குப் பின்னால் பட வேண்டிய குண்டு ஒரு சாண் தள்ளி வயிற்றில் பட்டது. நான் படுத்திருந்த இடத்தில் காற்றே இல்லை. மான் நின்ற இடத்தில் புல் சாய்ந்து கிடந்ததைச் சுட்ட பிறகுதான் பார்த்தேன். இருட்டும்வரை ரத்தத் தடம் பிடித்து நடந்து, மறுநாள் காலையில்தான் கிடைத்தது. இதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில், 400 கஜத்தில் 150 கிரெய்ன் சுமார் 12 அங்குலம் விலகுகிறது. நீண்டு கூரான 178, மெதுவாகக் கிளம்பியும் சுமார் 10தான். குண்டு பறக்கும் மொத்த நேரம் இங்கே முக்கியமில்லை. காற்றுத்தடையால் எவ்வளவு தாமதமாகிறதோ அந்த அளவுக்குத்தான் குறுக்குக் காற்று தள்ளும். கனமான குண்டு வேகத்தை லேசில் விடாது, அதனால் தாமதம் குறைவு. சரி, 178க்கு மாறிவிடலாமா?

*

அண்ணே, அவசரப்பட்டுப் பெட்டி பெட்டியாக வாங்கிவிடாதீர்கள். முதலில் பேரலின் ட்விஸ்ட்டைப் பாருங்கள், அதாவது உள்ளே இருக்கும் வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்று. என் 243 ரைபிளில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது தெரியாமல் 115 கிரெய்ன் போட்டேன். 100 கஜத்தில் அட்டையில் வட்ட ஓட்டையே இல்லை, குண்டு படுத்தவாக்கில் நுழைந்து சாவித் துவாரம் மாதிரி கிழித்திருந்தது. ஸ்கோப்தான் கெட்டுவிட்டது என்று அரை நாள் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்!

குண்டு நீளமாக ஆக, அதை நேராக நிறுத்த வேகமான சுழற்சி வேண்டும். எடையைவிட நீளம்தான் விஷயம். முழுச் செம்புக் குண்டு வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்கு அது இன்னும் நீளம்.

ட்விஸ்ட்டை வீட்டிலேயே அளக்கலாம். துப்பாக்கி காலி என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடியோடு சேராமல் தனியே சுழலும் துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி, பின்பக்கமாக உள்ளே விடுங்கள். கம்பியின் மேல்புறம் பேனாவால் ஒரு கோடு. மெல்லத் தள்ளினால் கோடு சுழன்று மறுபடி மேலே வரும். அதற்குள் கம்பி போன தூரம்தான் உங்கள் ட்விஸ்ட்.

*

நான் வேறு மாதிரி பட்டவன். 300 வின் மேக் ரைபிள், 212 கிரெய்ன். தாளில் எல்லாக் கணக்கும் அருமை, உதைதான் தோளில் தாங்கவில்லை. எனக்குத் தெரியாமல் நண்பன் நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவைச் சொருகிவிட்டான். விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை, ஆனால் உதைக்குப் பயந்து நானே அமுக்கியதில் பேரல் முனை அப்படியே கீழே குனிந்தது. அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. இப்போது உதை குறைந்த 6.5 கிரீட்மூர் ரைபிள், 143 கிரெய்ன்.

இன்னொன்று. குண்டு போய்ச் சேரும்போது வேகம் மிச்சம் இருக்க வேண்டும். சாதாரண வேட்டைக் குண்டுகள் பலவற்றுக்கும் வினாடிக்கு 1800 அடியாவது இருந்தால்தான் முனை ஒழுங்காக விரியும். இல்லாவிட்டால் ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும், மிருகம் ஓடிவிடும். நீங்கள் போடும் குண்டுக்கு அந்த எல்லை எத்தனை கஜத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுச் சுடுங்கள்.

*

தம்பி சொன்னபடி அளந்தேன். என்னுடையது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, பழைய பேரல். 178 ஒரு பெட்டி வாங்கிப் பார்த்தேன், அட்டையில் ஓட்டைகள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. 168 ஒழுங்காக ஒன்றாக விழுகிறது, அதையே வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு 178 இருந்திருந்தாலும் இரண்டு அங்குலம்தான் மிச்சம், வயிற்றில்தான் பட்டிருக்கும். இப்போது 300 கஜத்தோடு சரி. புல் அசைந்தால் அதுவும் இல்லை.