எடை குறைக்கணும், எதுல ஆரம்பிக்கிறது?

வேளச்சேரிவாசி:
வயசு 38, எடை 86 கிலோ, ஓஎம்ஆர்ல ஐடி வேலை, நாள் பூரா உக்காந்தே இருக்கேன். போன வருஷம் சோறே வேணாம்னு இருந்து 7 கிலோ குறைச்சேன், மூணே மாசத்துல அத்தனையும் திரும்பி வந்துருச்சு. இந்த தடவை மெதுவா குறைச்சாலும் பரவால்ல, நிக்கணும்.

மயிலாப்பூர் அக்கா:
சோத்த மொத்தமா விடாதீங்க தம்பி. நான் முதல்ல கை வச்சது காபில தான், தினமும் அஞ்சு காபி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 20 கலோரினு வச்சாலே 200 ஆகுது. சர்க்கரைய அரை அரை ஸ்பூனா குறைச்சு இப்ப ரெண்டே காபி, சர்க்கரை இல்லாம. அது பழகினப்புறம் தான் நாகேஸ்வர ராவ் பூங்கால நடக்க போனேன், முதல்ல 15 நிமிஷம், இப்ப 45. ஒரு வருஷத்துல 9 கிலோ குறைஞ்சுது.

கடலோரம்:
அக்கா சொல்றது சரி. பட்டினி கெடந்தா கொழுப்போட சதையும் கரையும், அப்புறம் பழையபடி சாப்பிட்டா எடை சீக்கிரம் ஏறிடும். மதியம் சோத்துல ஒரு கரண்டி குறைச்சு அந்த எடத்துல பொரியல், சுண்டல் வைங்க. தாளிக்கிற எண்ணெயவும் அளந்து ஊத்துங்க, ஒரு டேபிள்ஸ்பூனே 120 கலோரி. வாரம் அரை கிலோ குறைஞ்சா தாராளம். இடுப்பையும் அளங்க, நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்.

வேளச்சேரிவாசி:
ரொம்ப நன்றிக்கா, நாளைக்கு காலைல காபிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.