"ஐடியா சொல்லுங்க" என்று கேட்டால் பட்டறையில் என்ன நடக்கிறது? உங்கள் அனுபவம்

ஆசிரியர் பயிற்றுநர், திண்டுக்கல் பக்கம்:
கேட்டதும் முதலில் தலைமையாசிரியர் பேசுவார். அப்புறம் எல்லோரும் "சார் சொன்னதுதான் சரி" என்பார்கள். முடிந்தது கதை. இது நம் ஊரில் மட்டும் இல்லை. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நான்கு பேர் கூடிப் பேசியதைவிட, தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் பட்டியல்களைச் சேர்த்தபோதுதான் அதிக யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். அதற்குள் தன் யோசனை மறந்தே போகும்.

அதனால் நான் பேசவே விடுவதில்லை. 6-3-5 என்று ஒரு முறை, ஜெர்மனியின் பெர்ண்ட் ரோர்பாக் 1968-இல் கொடுத்தது. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று யோசனையை ஐந்து நிமிடத்தில் எழுதி, தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும். அவர் படித்துவிட்டு அதன் கீழே இன்னும் மூன்று எழுதுவார். இப்படி ஆறு சுற்று, அரை மணியில் 108 யோசனை. பாதி குப்பைதான், இருக்கட்டும்.

ஒருமுறை கேள்வி: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாம் வகுப்பு தூங்காமல் இருக்க என்ன செய்யலாம்? ஒரு தாளில் "மரத்தடியில் பாடம்" என்று இருந்தது. அடுத்த வரியில் வேறு கையெழுத்து: "மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஏழாம் வாய்ப்பாடு, தப்பினால் திரும்ப ஒன்றிலிருந்து." எழுதியவர் காலையிலிருந்து வாயே திறக்காத புது டீச்சர். அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியவர் தலைமையாசிரியர்!

மென்பொருள் வடிவமைப்பாளர், சென்னை:
எங்களிடம் 'கிரேஸி எயிட்ஸ்'. ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம். எட்டு நிமிடத்தில் எட்டுப் படம். "எனக்கு வரைய வராது" என்பவருக்குக் குச்சி மனிதன் போதும். நான்காவது கட்டத்தோடு சரக்கு தீர்ந்துவிடும். அதற்கப்புறம் வேறு வழியில்லாமல் வரைவதுதான் பெரும்பாலும் உருப்படியாக இருக்கும்.

மகளிர் குழு ஒருங்கிணைப்பாளர்:
நான் தலைகீழாகக் கேட்பேன். "நம்ம கடைக்கு ஒரு ஆள்கூட வரக் கூடாது, என்ன செய்யலாம்?" சிரித்துக்கொண்டே கொட்டுவார்கள்: சில்லறை இல்லை என்று முகத்தைத் திருப்பணும், நேற்றைய முறுக்கை இன்றையது என்று விற்கணும். பலகையில் எழுதி, இதில் எதை நாம் ஏற்கெனவே செய்கிறோம் என்று கேட்டால் போதும், வேலை ஆரம்பித்துவிடும்.

திண்டுக்கல் சார், ஐந்து பேர்தான் வந்தால் உங்கள் முறை ஓடுமா?

ஆசிரியர் பயிற்றுநர்:
தாராளமாக, அம்மா. ஐந்து சுற்று, 75 வரும். எட்டுப் பேர் வந்தால் இரண்டு நாலாகப் பிரித்துவிடுங்கள்.