நெல்லை வீட்டைப் பூட்டிட்டு வந்தவங்க அலாரம் பேட்டரியை மறந்துராதீங்க

தம்பி, வெளிநாட்டுக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது, பெருமாள்புரம் வீட்டுல அலாரம் இருக்கு, கிளம்பும்போது மெயினை இறக்கிட்டு வந்தேன்னு எழுதியிருக்கீங்க. மொதல்ல அந்த மெயினை ஏத்தச் சொல்லுங்க. இன்னைக்கே.

நானும் அதைத்தான் செஞ்சேன். கேஸை மூடி, மெயினை இறக்கி, சாவியைச் சித்தி வீட்டுல கொடுத்துட்டு வண்டி ஏறுறதுதானே நம்ம ஊர்ப் பழக்கம். ஆனா மெயினை இறக்கிட்டா அலாரம் பேட்டரியிலதான் ஓடும். அலாரப் பெட்டிக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி. பெட்டியும் சென்சாரும் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் இழுத்தா, கணக்குக்கே 35 மணி நேரம். நெசத்துல அதுவும் தாங்காது. அப்புறம் பூட்டுதான் துணை. லெட் ஆசிட் பேட்டரி முழுசா இறங்கி அப்படியே கெடந்தா தகட்டுல சல்பேட் இறுகிப் போயிரும். பொறவு கரன்ட் குடுத்தாலும் சார்ஜ் ஏறாது. ஒன்றரை வருஷம் கழிச்சுப் போய்ப் பெட்டியைத் திறந்தா, எனக்குக் கிடைச்சது ரெண்டு கிலோ ஈயக்கட்டி.

எலக்ட்ரீசியனை வச்சு அலாரத்துக்கும், அது போனுக்குத் தகவல் அனுப்புற இன்டர்நெட் மோடத்துக்கும் தனி எம்சிபி (அந்த லைனை மட்டும் ஏத்தி இறக்குற சுவிட்சு) போட்டுருங்க. மத்ததை இறக்கிக்கிடலாம். மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வேணும், இல்லன்னா மாசாந்திர பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்துற அன்னிக்கு உங்க போனுக்கு ஒரு தகவலும் வராது.

சோதிக்கிறதுல ஒரு ஏமாத்து இருக்கு. கரன்ட் இருக்கும்போது மீட்டர் வச்சா 13.6 வோல்ட் காட்டும். அது சார்ஜரோட கணக்கு, பேட்டரியோடது இல்ல. அலார எம்சிபியை மட்டும் இறக்கி, ஒரு மணி நேரம் விட்டு மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க. 12க்குக் கீழ போனா மாத்திரணும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற மாதிரி இதுக்குத் தண்ணி ஊத்த வேண்டியதில்ல.

பெட்டி எங்க இருக்கு? திருடன் கண்ணுல படக்கூடாதுன்னு எங்க வீட்டுல மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில மாட்டியிருந்தாங்க. சித்திரை வெயில்ல அது அடுப்படி. 25 டிகிரியில அஞ்சு வருஷம் வர்ற பேட்டரி 35 டிகிரியில பாதிதான் வரும். கீழ் ரூமுக்கு மாத்துங்க, பேட்டரி மேல மாட்டின தேதியை மார்க்கர்ல எழுதி வைங்க. பழசைக் குப்பையில போட்டுராம கடையிலேயே குடுத்தா கொஞ்சம் கழிச்சுக்கிடுவாங்க.

ஒண்ணு விட்டுப்போச்சு. மூடியைத் திறந்தாலே சைரன் அடிக்கும், உள்ளே அதுக்குன்னு ஒரு சுவிட்சு இருக்கு. எங்க சித்தப்பா அலாரத்தை நிறுத்துற ரகசிய நம்பரைப் போடாம திறந்துட்டாரு. தெருவே கம்போட வந்து நின்னுச்சு.