தக்கைக்கும் ஃபீடருக்கும் ஒரே ரீல் போதுமா?

வணக்கம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே, ட்ரென்ட் ஆற்றில் ரோச் மீனுக்குத் தக்கைத் தூண்டிலும் பார்பெல் மீனுக்கு ஃபீடர் (இரை அடைத்து ஆற்றுத்தரையில் நிறுத்தும், எடையுள்ள சிறு கூடு) தூண்டிலும் போடுகிறேன். இரண்டு கோல்களுக்கும் 3000 அளவும் 6.2:1 சுழற்சி விகிதமும் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நரம்பு 6.2 சுற்று சுற்றும்) கொண்ட, தூண்டில் நரம்பைச் சுற்றும் ஒரே ரீலைத்தான் மாற்றி மாற்றிப் பொருத்துகிறேன். தக்கைக்கு அது நன்றாகவே உழைக்கிறது. நீரோட்டத்தோடு போன தக்கையைத் திரும்பச் சுற்றியெடுக்க அந்த வேகம் தேவையும்கூட. ஆனால் சென்ற இலையுதிர் காலம் முதல், 60 கிராம் ஃபீடரை ஓட்டத்துக்கு எதிராக இழுக்கும்போது கைப்பிடி கனத்து, உள்ளே பற்சக்கரங்கள் உரசுவது விரல்களில் தெரிகிறது. தொலைவுக்கு வீசினால் 8 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு சுருள் சுருளாகக் கிளம்பி, கோலின் முதல் வளையத்தில் சிக்குகிறது.

பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக இட்டேன். உதிரி ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை மட்டும் நரம்பைச் சுற்றியதில் சிக்கல் குறைந்தது, உரசல் நீங்கவில்லை. எடை குறைந்த ஃபீடரோ இந்த ஓட்டத்தில் ஆற்றுத்தரையில் நிற்பதில்லை. பார்பெல் முரட்டுத்தனமாக இழுக்கும் மீன். நரம்பு அறுந்து, முள்ளோடு அது தப்பிப்போய் வதைபடக் கூடாது என்பதே என் பெரிய கவலை.

தடைக்காலம் முடிந்து ஜூன் 16 அன்று ஆறு திறப்பதற்குள் நான் முடிவெடுக்க வேண்டும். இந்த ரீலைத் தக்கைக்கு வைத்துக்கொண்டு, 5:1-க்குக் குறைந்த விகிதமுள்ள 4000 அளவு ரீலை ஃபீடருக்கெனத் தனியாக வாங்குவதா, அல்லது இரண்டு ஸ்பூல்களுடன் வரும் 4000 அளவு ரீல் ஒன்றே இரண்டுக்கும் போதுமா?