துள்ளலா, சாட்டமா, உகளலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெளிமான் நின்ற இடத்திலேயே நான்கு கால்களையும் விறைத்துக்கொண்டு பந்துபோல எழும்பி விழுவதற்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள் உண்டு. அதற்குத் தமிழில் ஒரு கலைச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘ஸ்டாட்’ என்பது பந்து எழும்புவதற்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும் சொல். ‘ப்ராங்க்’ ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலிருந்து வந்தது. பகட்டிக் காட்டுதல் என்று பொருள். ஒன்று அசைவைப் பார்க்கிறது, மற்றது நோக்கத்தைப் பார்க்கிறது.

அதற்காக இங்கே முன்வைக்கப்பட்ட ‘செங்குத்துத் தாவல்’ என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. தாவினால் ஓரிடம் விட்டு வேறிடம் போக வேண்டும். குரங்கு கிளைக்குக் கிளை தாவுகிறது. குதிப்பது பெரும்பாலும் மேலிருந்து கீழே. துள்ளல் நெருங்கி வருகிறது. ஆனால் மீனும் துள்ளும், கன்றும் துள்ளும், பரிசு வாங்கிய பிள்ளையும் துள்ளும். கலைச்சொல்லுக்கு அந்த அகலம் ஆகாது.

எங்கள் குமரி மாவட்டத்தில் குதிப்பதைச் ‘சாடுதல்’ என்போம். குளத்தில் சாடித்தான் நீச்சல் படித்தோம். மலையாளத்திலும் அதுவே சொல், ‘சாட்டம்’ பெயர். உச்சரிக்கும்போதே கால் தரையை உதைக்கும் சொல் அது. எனக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு. ஆனால் எங்கள் மாவட்ட எல்லையிலுள்ள ஆரல்வாய்மொழி தாண்டினால் ‘சாடினார்’ என்பதற்குக் கடுமையாகக் கண்டித்தார் என்றுதான் பொருள். ‘மான் சாடியது’ என்று பாடநூலில் அச்சிட்டால் மதுரைப் பிள்ளை என்ன நினைக்கும்? மனமில்லாமல்தான் விட்டுக்கொடுக்கிறேன்.

என் பரிந்துரை ‘உகளல்’. திருப்பாவையின் மூன்றாம் பாட்டில் ‘கயல் உகள’ (கயல் மீன்கள் துள்ள) என்று வருகிறதே, அதே உகளுதல்தான். இன்று பேச்சில் இல்லாததால் வேறு பொருள் வந்து குழப்பாது. உகளுகிறது, உகளியது, உகளும் என்று வினையாகவும் நன்றாக நடக்கிறது. எத்தனை முறை என்று எண்ணிச் சொல்லவும் வருகிறது, விலங்கு நடத்தை ஆய்வில் அது மிக முக்கியம். 1988இல் வெளியான ஓர் ஆய்வில், ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் தாம்சன் மான்களில் குறைந்த வீதத்தில் எழும்பியவற்றையே துரத்தத் தேர்ந்தெடுத்தது தெரியவந்தது. ‘என்னால் ஓட முடியும், வீணாகத் துரத்தாதே’ என்று வேட்டை விலங்குக்கு மான் காட்டும் அடையாளம் அது. அங்கே ‘உகளல் வீதம்’ என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். ‘செங்குத்துத் தாவல் வீதம்’ என்று ஒரு பக்கத்தில் பத்து முறை எழுதிப் பாருங்கள்.

கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

உகளல் (பெயர்): மான் முதலியன நான்கு கால்களையும் விறைத்து ஒருசேரத் தரையிலிருந்து எழும்புதல். “நரியைக் கண்ட வெளிமான் ஓடாமல் மூன்று முறை உகளியது.”